மாந்தர் தொகை: இருபத்தொன்பது தானங்கள் கொண்ட ஓர் எண்ணின் வரலாறு

ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுவது திகம்பர சைன மரபு. அன்று ஆகம ஏடுகளும் நூல்களும் பீடத்தில் எழுந்தருளுவிக்கப்பெற்று, மலர் தூவி வழிபடப்பெறும். ஷட்கண்டாகமம் என்னும் பெருநூல் எழுதி நிறைவுற்றதை நினைவுகூரும் நாள் அது. கேள்வி வழியாக மட்டுமே வந்துகொண்டிருந்த அறிவு, மறதியால் அழிந்துவிடுமோ என்ற கவலையால் ஏட்டில் ஏறிய நாள் என்றும் சொல்லலாம்.

வழிபடப்படும் அந்நூலுக்குள் என்ன இருக்கின்றது என்று திறந்து பார்ப்பவர் சிலரே. திறந்து பார்ப்பவரை வியப்பில் ஆழ்த்தும் செய்திகளுள் ஒன்று, அதில் எண்கள் பெற்றுள்ள இடம். உயிர் எத்தகையது என்று சொல்வதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. உயிர்கள் எத்தனை, எந்தக் கதியில் எத்தனை, எந்தக் குணத்தானத்தில் எத்தனை என்று கேட்டு விடையும் சொல்கின்றது. அவ்விடைகளுள் மாந்தர் தொகை பற்றியது தனிச் சிறப்புடையது. அதனை ஒட்டி எழுந்த ஒரு பேரெண்ணும், அவ்வெண்ணைப் பற்றி ஆசாரியர்களிடையே நிகழ்ந்த கருத்து வேறுபாடும் தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை.

திரமிள தேசத்துக்கு வந்த முனிவர்

கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனர், தாம் அறிந்த ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடலாகாது என்று கருதித் தென்திசை முனிவர் சங்கத்துக்குச் செய்தி விடுத்தார். அங்கிருந்து இரு முனிவர் அவரிடம் சென்று பாடம் கேட்டனர். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். பாடம் முடிந்து, மழைக்காலத்தை அங்குலேசுவரத்தில் கழித்த பின்னர்ப் புட்பதந்தர் வனவாசிக்குச் சென்றார். பூதபலி திரமிள தேசத்துக்குச் சென்றார் என்று தவளா உரை கூறுகின்றது. திரமிளம் என்பது தமிழகமே.

புட்பதந்தர் தொடக்கப் பகுதியாகிய 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றை ஜினபாலிதர் வழியாகப் பூதபலியிடம் அனுப்பினார். உயிர்கள் உள்ளனவா என்ற வினாவுக்கு விடை தருவது அப்பகுதி. உள்ளன என்றால் எத்தனை என்ற வினாவுக்கு விடை தரும் ‘திரவியப் பிரமாணம்’ என்னும் பகுதி முதலாக நூலின் எஞ்சிய பெரும்பகுதியை இயற்றியவர் பூதபலி. மாந்தர் தொகை பற்றிய சூத்திரம் இப்பகுதியில்தான் வருகின்றது. ஆகவே, இங்குப் பேசப்படும் கணக்கின் தொடக்கம் தமிழகத்தை நோக்கி நடந்து வந்த ஒரு முனிவரின் வாக்கில் இருக்கின்றது.

மற்றொரு தொடர்பும் உண்டு. ஷட்கண்டாகமத்தின் முதல் மூன்று கண்டங்களுக்குக் குந்தகுந்தர் ‘பரிகர்மம்’ என்னும் உரை எழுதினார் என்று இந்திரநந்தியின் சுருதாவதாரம் கூறுகின்றது. அவ்வுரை இன்று கிடைக்கவில்லை. ஆயினும் பரிகர்மம் என்ற பெயருடைய ஒரு நூலை, கணக்குப் பற்றிய இடங்களில் தவளா பலமுறை எடுத்துக்காட்டுகின்றது. வந்தவாசிக்கு அருகில் பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கி வருவோர், அப்பெருமானோடு கணக்கையும் சேர்த்து நினைப்பது பொருத்தமுடையது.

எண்ணக்கூடியதும் எண்ணவியலாததும்

சமண மரபு எண்ணிக்கையை மூன்றாகப் பகுக்கின்றது. எண்ணி முடிக்கத்தக்கது சங்கியாதம். எண்ணி முடிக்கவியலாதது அசங்கியாதம். முடிவே இல்லாதது அனந்தம். நரகரும் தேவரும் அசங்கியாதர். திரியக் கதியில் உள்ள உயிர்களோ அனந்தம். மனித கதியிலும், உறுப்புகளை நிறைவாகப் பெறாமலே மடியும் நுண்ணுயிர் நிலையினரைச் சேர்த்தால் தொகை அசங்கியாதமாகிவிடும். உடலும் புலன்களும் நிறைவுற்று வாழும் பர்யாப்த மனிதரின் தொகை மட்டும் சங்கியாதம். அதனை இலக்கங்களால் எழுதிவிடலாம்.

இதன் பொருள் ஆழமானது. வீடுபேற்றுக்குரிய வாயில் மானிடப் பிறவி ஒன்றே என்பது சமணக் கொள்கை. அவ்வாயிலில் நிற்பவர் எண்ணத்தக்க அளவினரே; வெளியே நிற்கும் உயிர்களுக்கோ எல்லை இல்லை. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் இவ்வருமையை ஓர் உவமையால் விளக்குகின்றார். வடகடலில் மிதக்கும் நுகத்தடியின் துளைக்குள், தென்கடலில் இடப்பட்ட கழி தானே வந்து நுழைவது எத்துணை அரிதோ அத்துணை அரிது மானிடப் பிறவி. புலவர் உவமையால் சொன்னதை ஆகம ஆசாரியர் எண்ணால் சொன்னார்கள்.

சூத்திரம் சொல்லும் எல்லை

பர்யாப்த மனிதருள் நற்காட்சி பெறாதோரின் தொகையைப் பூதபலியின் சூத்திரம் இரு வகையாக எல்லையிட்டுக் கூறுகின்றது. கோடியைக் கோடியால் இருமுறை பெருக்கி வரும் கோடாகோடாகோடிக்கு மேல், அதனை மேலும் ஒருமுறை கோடியால் பெருக்கி வரும் கோடாகோடாகோடாகோடிக்குக் கீழ் என்பது ஒன்று. ஆறாம் வர்க்கத்துக்கு மேல், ஏழாம் வர்க்கத்துக்குக் கீழ் என்பது மற்றொன்று. நற்காட்சி பெற்ற மாந்தரின் தொகை நூற்றுக்கணக்கான கோடிகளுள் அடங்கிவிடுவதால், பர்யாப்த மனிதர் அனைவரின் தொகைக்கும் இதே எல்லையைக் கொள்ளலாம்.

முதல் எல்லை எளிதில் விளங்கும். கோடி என்பது 1-ஐ அடுத்து 7 சுழிகள். கோடாகோடாகோடி என்பது 1-ஐ அடுத்து 21 சுழிகள். கோடாகோடாகோடாகோடி என்பது 1-ஐ அடுத்து 28 சுழிகள்.

இரண்டாம் எல்லைக்குச் சிறிது விளக்கம் வேண்டும். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது வர்க்கம். 2-இலிருந்து தொடங்கி, வந்த விடையையே மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கிக்கொண்டு செல்ல வேண்டும். முதல் வர்க்கம் 4. இரண்டாவது 16. மூன்றாவது 256. நான்காவது 65,536. ஐந்தாவது 4,29,49,67,296. ஆறாவது 1,84,46,74,40,73,70,95,51,616. ஆறே படிகளில் எண் 20 இலக்கங்களுக்கு வளர்ந்துவிடுகின்றது.

இவ்வரிசை மரபில் மிகவும் பழகிய ஒன்று. நான்காம் வர்க்கத்துக்குப் ‘பண்ணட்டி’ என்று பெயர். பிராகிருதத்தில் அது அறுபத்தைந்தைக் குறிக்கும். ஐந்தாம் வர்க்கத்துக்குப் ‘பாதாலம்’ என்று பெயர். அது நாற்பத்திரண்டைக் குறிக்கும். ஆறாம் வர்க்கம் ‘ஏகட்டி’. ஒன்று, எட்டு என்பது பொருள். ஒவ்வோர் எண்ணின் தொடக்க இலக்கங்களே அதன் பெயராகிவிட்டன. நெடிய பாட்டை அதன் முதற்சொல்லால் சுட்டுவது போன்ற வழக்கம் இது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே தானியம் வைத்த கதையைப் பலரும் அறிவர். அக்கதையில் வரும் மொத்தத் தானியங்களின் தொகை, ஏகட்டியைவிட ஒன்றே குறைவு.

இருபத்தொன்பது இலக்கங்கள்

இவ்விரு எல்லைகளோடு நில்லாமல், தொகையைத் துல்லியமாகவே கூறும் மரபு ஒன்றும் இருந்தது. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவதே மாந்தர் தொகை என்பது அது. ஐந்தாம் வர்க்கத்தைக் கனமாக்கினாலும், அதாவது அவ்வெண்ணையே மும்முறை வைத்துப் பெருக்கினாலும், இதே விடை வரும். சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய அனுயோகத்துவார சூத்திரமும் இதனைக் கூறுகின்றது. அவ்வெண் 29 தானங்கள் கொண்டது என்றும், 96 முறை பாதியாக்கத்தக்கது என்றும் அந்நூல் அடையாளம் தருகின்றது. இரு பிரிவினரும் ஓர் எண்ணைப் பொதுவாகப் போற்றியிருப்பது, அது மிகப் பழைய மரபுச் சொத்து என்பதைக் காட்டும்.

அவ்வெண் இது:

79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336.

இலக்கங்களை எண்ணிப் பார்த்தால் சரியாக 29. இதனைப் பெயரால் வாசிக்க அக்காலத்துத் தானப் பெயர்கள் போதா. 9-ஆம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் இயற்றிய கணிதசாரசங்கிரகம், ஏகம் முதல் மகாக்ஷோபம் ஈறாக 24 தானங்களுக்கே பெயர் தருகின்றது. (அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையில் பதிப்பித்தவர் பேராசிரியர் எம். ரங்காசாரியர்.) பெயர் எட்டாத உயரத்தில் நிற்கும் எண்ணை, அது பிறக்கும் வழியைச் சொல்லியே ஆசாரியர்கள் குறித்தார்கள். இலக்கங்களை மனப்பாடம் செய்தவன் ஓர் இலக்கத்தை மறந்தால் எண் போய்விடும். பிறக்கும் வழியை அறிந்தவன் எப்போது வேண்டுமானாலும் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்வான்.

பாதியாக்கும் முறையை ‘அர்த்தச்சேதம்’ என்பர். ஓர் எண்ணை ஒன்று வரும்வரை எத்தனை முறை பாதியாக்கலாமோ அத்தனையே அதன் அர்த்தச்சேதம். 16-க்கு அது 4; 256-க்கு 8. பாதாலத்துக்கு 32, ஏகட்டிக்கு 64. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும் என்ற விதியையும் தவளா தருகின்றது. 32-ஐயும் 64-ஐயும் கூட்டினால் 96. 29 இலக்கப் பெருக்கலைச் செய்யாமலே விடையின் தன்மை தெரிந்துவிடுகின்றது. பள்ளியில் இன்று மடக்கை என்று கற்பிக்கப்படும் கணக்கின் அடிப்படை விதி இதுவே. ஐரோப்பாவில் நேப்பியர் தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-இல். தவளாவில் அட்டவணை இல்லை. ஆனால் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் கருத்து தெளிவாக உள்ளது. மூன்றால் பகுக்கும் திரிகச்சேதம், நான்கால் பகுக்கும் சதுர்த்தச்சேதம் ஆகியவற்றையும் அது பேசுகின்றது.

வீரசேனர் எழுப்பிய தடை

9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரசேனர் ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் உரையை இயற்றினார். 72,000 கிரந்த அளவினதாகிய அப்பேருரையில், மாந்தர் தொகை பற்றிய சூத்திரத்துக்கு உரை காணும்போது அவர் ஓர் இடர்ப்பாட்டைக் காண்கின்றார்.

சூத்திரம் கூறும் மேல் எல்லை கோடாகோடாகோடாகோடி. 1-ஐ அடுத்து 28 சுழிகள். எழுதினால் அதுவும் 29 இலக்கங்கள். ஆனால் மாந்தர் தொகை அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சூத்திரம். அதற்குக் கீழான எந்த எண்ணுக்கும் 28 இலக்கங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆசாரியர் சிலர் கூறிய எண்ணோ 29 இலக்கங்களோடு, 7-இல் தொடங்குகின்றது. எனவே அது மேல் எல்லையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. வர்க்க எல்லைகளுக்குள் அவ்வெண் அடங்கும். கோடி எல்லைக்குள் அடங்காது. இரண்டுக்கும் 29 தானங்கள் என்ற ஒற்றுமை மேலோட்டமாகப் பார்ப்பவரை ஏமாற்றிவிடும். வீரசேனர் ஏமாறவில்லை.

அவர் சூத்திரத்தைக் காட்டியதோடு நிற்கவும் இல்லை. மாந்தர் வாழும் நிலப்பரப்பைக் கணக்கிட்டு, அத்தனை பேர் அதில் அடங்கமாட்டார்கள் என்று நிறுவினார். அந்த வழியை எளிய அளவுகளால் பின்பற்றிப் பார்க்கலாம். ஜம்பூத் தீவம், தாதகீ கண்டம், புஷ்கரத் தீவத்தின் பாதி ஆகிய இரண்டரைத் தீவங்களும் இடைக்கடல்களும் சேர்ந்த வட்டமே மனித உலகம். அதன் குறுக்களவு 45 லட்சம் யோசனை. பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கும் சமண முறைப்படி அதன் சுற்றளவு 1,42,30,249 யோசனை; பரப்பு ஏறத்தாழ 16,00,903 கோடி சதுர யோசனை. ஒரு யோசனைக்கு 8,000 வில். தீவங்களை அளக்கும் பெரிய அளவை வழக்கமான அளவையைப் போல் 500 மடங்கு நீளமுடையது என்பதையும் சேர்த்துக்கொண்டு, 29 இலக்கத் தொகையைப் பரப்பால் வகுத்தால், நான்கு முழ நீளமும் நான்கு முழ அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 309 பேர் என்று வருகின்றது. கடலும் மலையும் உட்படப் பரப்பு முழுவதையும் மனிதருக்கே கொடுத்துவிட்டாலும் இதுதான் நிலை. நான்கு முழக் கட்டத்தில் 309 பேர் நிற்க இயலுமா? சூத்திரத்தின் கீழ் எல்லையாகிய கோடாகோடாகோடியைக் கொண்டால், ஒருவருக்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் கிடைக்கும். சூத்திரம் குறித்த எல்லைக்குள் மாந்தர் வாழ இடம் உண்டு. அதனைக் கடந்த எண்ணுக்கு இல்லை.

இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்று. வீரசேனர் மறுத்தது புறச்சமயத்தார் கூற்றை அன்று; தம் மரபின் ஆசாரியர் கூறிய எண்ணை. மறுத்தது வெறும் வாதத்தாலும் அன்று. அளந்தும் வகுத்தும் காட்டிய கணக்கால். இத்தகைய இடங்களில் மாற்றுக் கருத்தை அவர் மறைப்பதும் இல்லை. எண்கள் பற்றிய இதே பகுதியில் தென்மரபு, வடமரபு என்று இருவேறு கொள்கைகளையும் எடுத்துரைத்த பின்னரே தம் முடிவைக் கூறுகின்றார். அவர் மறுத்த எண் இன்று நமக்குத் தெரிய வருவதற்கு அவர் உரையும் ஒரு காரணம்.

எழுத்துகளில் ஒளிந்த இலக்கங்கள்

மறுக்கப்பட்டதால் அவ்வெண் மறைந்துவிடவில்லை. 10-ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தை இயற்றினார். சிரவணபெளகுளத்தில் கோம்மடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயரின் ஆசாரியர் அவர். கோம்மடசாரத்தின் சீவகாண்டம், பர்யாப்த மனிதரின் தொகை ஐந்தாம் வர்க்கத்தின் கனத்துக்குச் சமம் என்று கூறுகின்றது. அஃதாவது, வீரசேனர் ஏற்காத அதே 29 இலக்க எண். இருவேறு மரபுகளும் தொடர்ந்து வாழ்ந்தன.

நேமிசந்திரர் அவ்வெண்ணைக் காக்க மற்றொரு வழியையும் கையாண்டார். ஒரு பிராகிருதக் காதையில் 29 இலக்கங்களையும் எழுத்துகளாக மாற்றி அமைத்தார். ‘கடபயாதி’ என்பது அம்முறையின் பெயர். ககரம் முதல் ஒன்பது மெய்கள், டகரம் முதல் ஒன்பது மெய்கள், பகரம் முதல் ஐந்து, யகரம் முதல் எட்டு ஆகியவை ஒன்று முதலான எண்களைக் குறிக்கும். ஞகரமும் நகரமும் சுழி. உயிர் எது சேர்ந்தாலும் மதிப்பு மாறாது. எண்ணை வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டும். காதையின் முதல் எழுத்துத் தகரம். அதன் மதிப்பு 6. அடுத்த இரண்டும் லகரம், 3, 3. நான்காவது நகரம், 0. ஐந்தாவது மகரம், 5. ஆறாவது தகர வருக்கத்தின் நான்காம் எழுத்து, 9. மேலே எழுதிய எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களை வலமிருந்து படித்தால் 6, 3, 3, 0, 5, 9 என்றே வருவதைக் காணலாம். இவ்வாறே 29 எழுத்துகளும் 29 இலக்கங்களோடு ஒத்துச் செல்கின்றன.

தமிழருக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. அக்காதையைத் தனித் தமிழ் எழுத்தில் எழுதினால் முதல் எழுத்தும் தகரமே. ஆறாம் எழுத்தும் தகரமே. 6 என்றும் 9 என்றும் வேறுபடுத்த வழியில்லை. வருக்க எழுத்துகள் நான்கையும் ஒரே வடிவில் எழுதும் தமிழில் காதையின் ஓசை ஓரளவு எஞ்சும், எண் அழிந்துவிடும். தமிழ்ச் சமணர் ஆகமக் கல்விக்குக் கிரந்த எழுத்தைப் பேணியதும், ஸ்ரீபுராணம் போன்றவற்றை மணிப்பிரவாளத்தில் இயற்றிக் கிரந்தம் கலந்து எழுதியதும் வெறும் வடமொழிப் பற்றால் என்று சொல்லிவிட இயலாது. எழுத்து மாறினால் எண் மாறும் இடங்களும் மரபில் இருந்தன.

பூட்டிய பேழையிலிருந்து அச்சுக்கு

தவளா ஏடுகள் பல நூற்றாண்டுகள் கர்நாடகத்து மூடபித்திரியில் பாதுகாக்கப்பெற்றன. பழங்கன்னட எழுத்தில் அமைந்த அவ்வோலைகள் வழிபாட்டுக்குரியனவாக இருந்தன; படிப்புக்குரியனவாக இல்லை. சென்றவர்கள் ஏடுகளைத் தரிசித்துத் திரும்பினர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கியது. அது முடியப் பல ஆண்டுகள் ஆயின. மூடபித்திரிக்கு வெளியே படிகள் சென்ற பிறகே அறிஞர் கைக்கு நூல் எட்டியது. பேராசிரியர் ஹீராலால் ஜெயின் தலைமையில் 1939-இல் முதல் தொகுதி அச்சேறியது; மொத்தம் 16 தொகுதிகள். 1942-இல் வந்த நான்காம் தொகுதியில், லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் தவளாவின் கணிதம் பற்றி எழுதிய கட்டுரை இடம்பெற்றது. அர்த்தச்சேதமும் வர்க்க அடுக்குகளும் கணித வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு வர அக்கட்டுரை பெரிதும் காரணமாயிற்று.

ஓலையிலிருந்து ஓலைக்கும், கன்னட எழுத்திலிருந்து நாகரிக்கும், நாகரியிலிருந்து அச்சுக்கும் இத்தனை கை மாறிய பின்னரும் 29 இலக்கங்களுள் ஒன்றும் பிறழவில்லை என்பதை எவ்வாறு அறிவது? அந்த ஐயத்துக்கு இடமில்லாத வகையில் எண்ணே தனக்குச் சான்றாக நிற்கின்றது. இலக்கங்கள் அனைத்தையும் கூட்டினால் 127. அதனை 9-ஆல் வகுத்தால் மீதி 1. எண் பிறந்த வழியைப் பார்த்தால், 96 முறை இரட்டிப்பது என்பது 64-ஐப் பதினாறு முறை வைத்துப் பெருக்குவதற்குச் சமம். 64-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே முழு எண்ணுக்கும் மீதி 1-ஆகவே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகின்றன. எழுதுவோன் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் இச்சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு 11-ஆல் வகுக்கும் சோதனை உண்டு. வலக்கோடியிலிருந்து ஒற்றைத் தானங்களில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகை 79. இரட்டைத் தானங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 48. வேறுபாடு 31, 11-ஆல் வகுத்தால் மீதி 9. மறுபுறம், 1024-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 96 இரட்டிப்புகளுள் 90-ஐத் தள்ளிவிடலாம். எஞ்சும் ஆறு இரட்டிப்புகளால் 64 வரும். அதன் மீதியும் 9. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இவ்விரண்டும் பொருந்தியிரா.

இன்றைய அளவில்

உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அத்தொகை ஐந்தாம் வர்க்கமாகிய பாதாலத்தைக் கடந்தது 1970-களின் பிற்பகுதியில். இன்றைய மாந்தர் அனைவரையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே சென்றால், 33 படிகளில் ஒருவரிடம் வந்து நிற்கும். ஆகமம் பேசும் தொகைக்கு 96 படிகள் வேண்டும். இன்றைய தொகையோடு அவ்வெண்ணை நேராக ஒப்பிடுவது பொருந்தாது. அது இரண்டரைத் தீவங்கள் முழுவதுக்கும் உரியதாகச் சொல்லப்பட்டது. கணினிகள் 32, 64 என்ற இரும இலக்க அளவுகளில் இயங்குவதைக் காட்டி, கணினியையே நம் முன்னோர் கண்டுவிட்டனர் என்று சொல்வதும் தவறு. இரண்டை மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கும் வழியில் அவர்களும் சென்றார்கள்; அவர்கள் சென்ற காரணம் வேறு. உயிர்களின் தொகையை உள்ளபடி அறிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

அந்நோக்கத்தின் நேர்மைதான் இவ்வரலாற்றில் போற்றத்தக்கது. எண்ணைச் சொன்னவர்கள் அது பிறக்கும் வழியையும் சொன்னார்கள். பிறர் சரிபார்க்க முடியாத எண்ணை அவர்கள் தரவில்லை. வீரசேனர் சரிபார்த்து மறுத்தார். நேமிசந்திரர் தம் மரபில் நின்று மீண்டும் அதனை நிலைநாட்டினார். இருவரையும் நம் மரபு ஆசாரியராகவே வணங்குகின்றது. ஆகமத்தின்மேல் வைத்த பக்தி ஒருவரையும் கணக்குப் போடாமல் தடுக்கவில்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்து, சேக்காடு போன்ற புறநகர்களில் வாழும் குடும்பங்களுக்கு ஊர்க் கோயிலின் ஏடுகள் தொலைவாகிவிட்டன. கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டனர். ஆனால் இந்த எண்ணைத் திரும்பப் பெற ஏடும் வேண்டா, கிரந்தமும் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். இரண்டில் தொடங்கி ஆறு முறை வர்க்கமாக்கி, ஐந்தாவதையும் ஆறாவதையும் பெருக்க வேண்டும். மொத்தம் ஏழு பெருக்கல்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கத்தக்க வேலை. பெரியவர்கள் அருகில் அமர்ந்து ஒன்பதாலும் பதினொன்றாலும் சரிபார்க்கலாம். வரும் சுருத பஞ்சமியன்று, நூலுக்கு மலர் தூவிய பிறகு, இல்லந்தோறும் இக்கணக்கு ஒருமுறை நிகழுமானால் பூதபலி முனிவர் திரமிள தேசத்துக்குக் கொண்டுவந்த கல்விக்கு அதுவும் ஒரு வழிபாடாகும்.